குராசோவில் எங்களுக்கு வாய்த்த கைடு

பாலம் நடந்து போறதை நான் பார்த்திருக்கேன் தம்பி. சிரிங்க, சிரிங்க. விருதுநகர்ல பஸ் ஏறினதுல இருந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு வாய் நமநமங்குது, பக்கத்து சீட்டுல நீங்க அகப்பட்டீங்க. கோவில்பட்டிக்குத்தானே? நானும் அங்கேதான். போக மனசில்லாத ஒரு வீட்டுக்குப் போறேன்.

என் பேரு திரவியம். விருதுநகர்ல மிளகாய் வத்தலுக்குக் கமிஷன் மண்டி வச்சிருந்தேன். மண்டிக்காரன் நிஜத்தைப் பேசினா சரக்கு அப்படியே கிடக்கும். "இந்த மூட்டையை ஒரு யானை மோந்து பார்த்துத் தும்மினதுல, மேல இருந்த பாகன் சாத்தூர்ல போய் விழுந்தான், விழுந்த இடத்துலயே பொண்ணு பார்த்து அங்கேயே தங்கிட்டான்"னு சொல்லித்தான் நான் சரக்கைத் தள்ளுவேன். வந்தவனும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவான். ஊர்ல எனக்குப் பேரே கதை திரவியம். இப்ப அந்தத் தெம்பெல்லாம் இல்லை. ரெண்டு காலும் கழண்டு வந்துடும்போல இருக்கு. ஊர் சுத்திப் பார்த்த களைப்பு தம்பி. இந்த ஆயுசுக்குப் போதும்.

எந்த ஊருன்னு கேட்க மாட்டீங்களே. குராசோ. கரீபியன் கடல்ல, தென் அமெரிக்காவுக்குத் தலைமாட்டுல தலகாணி போட்ட மாதிரி ஒரு குட்டித் தீவு. டச்சுக்காரன் பிடிச்சு ஆண்ட இடம். அதுக்குத் தலைநகரம் வில்லெம்ஸ்டாட். என் ஒரே மகன் சந்தனகுமார் அங்கே கப்பல் பழுது பார்க்கிற துறையில இன்ஜினியரா இருக்கான். போய் நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. வா வான்னா வரவே இல்லை. சரி, நாமளே போய்க் கையோட கூட்டிட்டு வந்து கல்யாணத்தை முடிச்சிடலாம்னு நானும் என் சம்சாரம் ராசகனியும் விமானம் ஏறினோம்.

பொண்ணு தயார். கோவில்பட்டி ஆதிலிங்கம் அண்ணாச்சி மக, பகவதி. காலேஜ்ல பாடம் எடுக்குது. தங்கமான பிள்ளை. போறதுக்கு முன்னாலயே நான் தாம்பூலம் மாத்திட்டேன். ஆமா, மாப்பிள்ளை இல்லாமலேதான். என்ன அப்படிப் பார்க்கிறீங்க? அவன்கிட்ட சொல்லாமலா? போன்ல சொன்னேனே. "அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னான். "நேர்ல வர்றேன்ல, நேர்ல சொல்லு"ன்னு போனை வச்சேன். வச்ச சூட்டோட போய்த் தட்டை மாத்தினேன். என் வாக்கை நம்பி, தூத்துக்குடியில இருந்து வந்த நல்ல இடத்தை அவங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப நாள் குறிக்கணும் வாங்கன்னு ஆதிலிங்கம் கூப்பிட்டிருக்கார். அங்கேதான் போறேன்.

சரி, பாலத்துக்கு வருவோம். இல்லை, அதுக்கு முன்னால விமான நிலையம்.

வெளியே வர்றோம். மகன் நிக்கிறான், இளைச்சுப் போய். பக்கத்துல ஒரு பொண்ணு. நல்ல கருப்பு, நல்ல உயரம், தலையில பூப்போட்ட துணியை முண்டாசு மாதிரிச் சுத்திக் கட்டியிருக்கு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து குனிஞ்சு என் முழங்காலைத் தொட்டுச்சு. பாதத்தைத் தொடணும், முழங்காலைத் தொட்டுட்டு எந்திரிச்சுச்சு. யாரோ சொல்லிக் கொடுத்து, பாதி மறந்துபோன மாதிரி. மகன் தொண்டையைச் செருமினான். "அப்பா, இது மிரெல்வா. இவ…"

"கைடா?"ன்னேன் நான். "நல்லதாப் போச்சுடா. புது ஊரு, சுத்திக் காட்ட ஆள் வேணும்ல."

அவன் திறந்த வாயைத் திறந்தபடியே நிக்கிறான். ராசகனி தரையைப் பார்க்கிறா. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது, கைடுங்கிற சொல் மட்டும் புரிஞ்சுது. அவனை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. அப்புறம் என் பெட்டியை வாங்கித் தூக்கிட்டு முன்னால நடந்துச்சு.

இல்லைப்பா, கைடு இல்லைன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. என் வயித்தெரிச்சல் அதுதான் தம்பி. பெத்த மகன். கூடவே அத்தனை நாள் இருந்தேன். ஒரு நாள் என்கிட்ட மனசு விட்டுப் பேசினானா?

மறுநாள் காலையில அந்தப் பொண்ணு கார் கொண்டு வந்து நின்னுச்சு. அன்னையில இருந்து சுத்தோ சுத்துன்னு சுத்தினோம். கடலோரமா வரிசையா வீடு, மஞ்சள், நீலம், ரோஸு, பச்சைன்னு, தீபாவளி மத்தாப்புப் பெட்டியைப் பிரிச்சு வச்ச மாதிரி. ஏன் இப்படின்னு கேட்டேன். முன்னொரு காலத்துல ஒரு கவர்னருக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்தாத் தலைவலி வருமாம், அதனால எல்லாரும் கலர் அடிங்கன்னு உத்தரவு போட்டானாம். மகன்தான் தமிழ்ல சொன்னான். "எங்க ஊரா இருந்தா சுக்கை உரசிப் பத்துப் போட்டு ஒரே நாள்ல முடிச்சிருப்போம். ஒருத்தன் மண்டையிடிக்கு ஊருக்கே சுண்ணாம்பா?"ன்னேன். அதை அந்தப் பொண்ணுக்குச் சொன்னான். அது சிரிச்ச சிரிப்புல ரோட்டுல போனவன் திரும்பிப் பார்த்தான். என் கதைக்கு அப்படிச் சிரிச்ச ஆளை நான் ரொம்ப நாளா பார்க்கலை. அதையும் சொல்லணும்ல.

ஆனா கைடு வேலைக்கு லாயக்கில்லை. கோட்டைக்குப் போனா, "இது எப்ப கட்டினது?"ன்னு கேட்பேன். அங்கே மாட்டியிருக்கிற பலகையை எங்ககூடச் சேர்ந்து அதுவும் நின்னு வாசிக்கும். கோட்டைக்குள்ள ஒரு சர்ச்சு, அதன் சுவத்துல பழைய பீரங்கிக் குண்டு ஒண்ணு அப்படியே பதிஞ்சு நிக்குது. "யார் சுட்டது?"ன்னா, மகனைப் பார்க்கும். மகன் போனைப் பார்ப்பான். அப்புறம் கேட்டா, அது ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்குதாம், எங்களுக்காக லீவு போட்டிருக்காம். பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறவளுக்குப் பீரங்கியைப் பத்தி என்ன தெரியும்?

வீட்டுலயோ, அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. உப்பு டப்பா எங்கே, மகன் துண்டு எங்கே, கேஸை எப்படித் திருகினாச் சரியா எரியும், எல்லாம் தெரியும். சாயந்திரம் எங்களை இறக்கிவிட்டுட்டு, மீனைக் கழுவி அரிஞ்சு, ராசகனிகிட்ட நீட்டும். இவ தமிழ்ல பேசுவா, அது அந்த ஊர்ப் பாஷையில பேசும், ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும். மகனை "துஷி, துஷி"ன்னு கூப்பிடும். என்னடா அதுன்னேன். "சார்னு அர்த்தம்ப்பா"ன்னான். மறுநாள் மார்க்கெட்டுல மீன்காரி என்னையும் துஷின்னா. சரி, மரியாதை தெரிஞ்ச ஊருன்னு வச்சுக்கிட்டேன்.

சாத்தூர் வந்துடுச்சா? வெள்ளரிப் பிஞ்சு வாங்குங்க, நல்லாயிருக்கும். எனக்கு வேண்டாம், பல் கூசும்.

எதுல விட்டேன்? யூதங்க கோயில். அங்கே ஒரு பழைய கோயில் இருக்கு, யூதங்க கட்டினது. உள்ளே போனாத் தரையெல்லாம் மணல். ஆத்து மணல் மாதிரி. சரவிளக்குத் தொங்குது, கீழே மணல். ராசகனி வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டா. யாரும் அங்கே கழட்டலை. இவ கழட்டினதைப் பார்த்து அந்தப் பொண்ணும் கழட்டுச்சு. வெறுங்காலோட ரெண்டு பேரும் மணல்ல நடந்து போறாங்க. எதுக்கு மணல்னு மகன் விசாரிச்சான். பாலைவனத்துல அலைஞ்ச ஞாபகமா வச்சதுன்னு சிலபேர் சொல்றாங்களாம். இன்னொண்ணும் சொல்றாங்க. அவங்க முன்னோர்கள் வேற நாட்டுல பயந்து பயந்து ஒளிஞ்சு சாமி கும்பிட்டாங்களாம், நடக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு தரையில மணலைப் போட்டாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா, வீட்டுல அந்த மூணு பேரும் அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்தாங்க. நான் அறைக்குள்ள வந்தாப் பேச்சு நின்னுடும்.

ராசகனி என்ன பண்ணினா தெரியுமா? குனிஞ்சு ஒரு பிடி மணலை எடுத்து முந்தானையில முடிஞ்சுட்டா. கோயில் மண்ணுன்னா பிரசாதம்தானே இவளுக்கு. காவலுக்கு நின்ன பெரியவர் ஓடி வர்றார், எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாதுங்கிறார். அந்தப் பொண்ணு குறுக்கே போய் அவர்கிட்ட என்னமோ மெதுவாச் சொல்லுச்சு. அவர் ராசகனியைப் பார்த்தார், அந்தப் பொண்ணைப் பார்த்தார், அப்புறம் கையை விரிச்சு, போங்க போங்கன்னுட்டார். கார்ல நான் முன் சீட்டு. கண்ணாடியில பார்க்கிறேன், பின்னால ராசகனி முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மணலை எடுத்து, துண்ணூறு மாதிரி அந்தப் பொண்ணு நெத்தியில பூசுறா. அது கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. அப்புறம் அதன் வயித்துலயும் ஒரு சிட்டிகை தடவினா.

"கைடுக்கு எதுக்குடி துண்ணூறு?"ன்னேன், திரும்பாமலே.

"உங்களுக்கு ஒண்ணுமில்லை, நேரா ரோட்டைப் பாருங்க"ன்னா.

நேராத்தான் பார்த்தேன்.

ஏன் இப்படி முழிக்கிறீங்க? இந்தக் கிழவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைக்கிறீங்களா? முப்பது வருசம் மூட்டைக்குள்ள கையை விட்டே வத்தல் எந்தக் காட்டுதுன்னு சொன்னவன் நான். முழங்காலைத் தொட்ட அன்னைக்கே தெரியும் தம்பி. ரெண்டு பேர் விரல்லயும் ஒரே மாதிரி மோதிரம். துஷின்னா சார் இல்லை, செல்லம்னு அர்த்தம், அதுவும் தெரியும். எந்த ஊர்ல கைடு பெட்டியைத் தூக்கிட்டு வந்து மாமியாருக்கு மீன் அரிஞ்சு கொடுக்கிறா? ஆனா, தெரியும்னு நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? பகவதிக்குப் பதில் சொல்லணும். ஆதிலிங்கத்துக்குப் பதில் சொல்லணும். தெரியாத வரைக்கும் வெறும் ஊர் சுத்திப் பார்க்கிறதுதான். எல்லாரும் சந்தோசமாத்தான் இருந்தோம்.

அதனால அவன் தொண்டையைச் செருமினா, "அது என்னடா அங்கே கோபுரம்?"னு கேட்பேன். "அப்பா"ன்னா, "நாளைக்கு எங்கே?"ன்னு கேட்பேன். தீவுல பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோச்சு, முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சோம். அந்தக் கலர் வீடுகளை எத்தனை தடவை பார்த்தேனோ, இப்பக் கண்ணை மூடினாலும் ரோஸு கலராத்தான் தெரியுது.

ஒரு மியூசியம். ஆப்பிரிக்காவுல இருந்து ஆளுங்களை அடிமையாப் பிடிச்சு வந்து வித்தானே, அந்தக் கதை. கப்பலோட அடிவயிறு மாதிரியே ஒரு இடம் செஞ்சு வச்சிருக்கான். குனிஞ்சுதான் இறங்கணும். சங்கிலி கிடக்கு. அங்கே நின்னு அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சுச்சு. பலகையை வாசிக்கலை. அதுக்கு அம்மா பேரு, அம்மாவோட அம்மா பேரு, அவளுக்கு அம்மா, அவ உப்பளத்துல வேலை பார்த்தது, அதுக்கும் பல தலைமுறைக்கு முன்னால ஒருத்தி இப்படி ஒரு கப்பல்ல வந்தது. மகன் ஒவ்வொண்ணா எனக்குத் தமிழ்ல சொல்றான். எனக்கு விளங்கிடுச்சு தம்பி. பொண்ணு பேச வந்த இடத்துல நாம நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் சொல்லுவோம்ல, இந்த ஊரு, இன்னாரு வகையறான்னு? அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் இல்லை, அப்பனும் ஆத்தாளும் செத்துப்போச்சாம். தானே நின்னு தன் வகையறாவைச் சொல்லுது, என் முகத்தைப் பார்த்து.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்கே பாத்ரூம் எங்கே இருக்கு?"

கைடுன்னா ராஜா கதை சொல்லணும், சொந்தக் கதை எதுக்குன்னு வெளியே வந்து ராசகனிகிட்ட சொன்னேன். அவ திரும்பி அந்தப் பொண்ணுகிட்ட போயிட்டா. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, மலைமேல இருந்த ஒரு கோட்டைக்குப் படி ஏறினோம். அந்தப் பொண்ணு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஏறுது, மூச்சு வாங்குது. "கைடே பின்னால வந்தா எப்படி?"ன்னேன். அவ்வளவுதான். ராசகனி படியில உக்காந்துட்டா. "இனிமே அவ ஒரு படி ஏறக் கூடாது. ஏறினா நான் இங்கேயே கிடப்பேன். நீங்க போங்க, போய்ச் சுத்திப் பார்த்துட்டு வாங்க"ன்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மேலே தனியாப் போனேன். என்ன பார்த்தேன்னு கேட்காதீங்க. காத்து அடிச்சுது, அவ்வளவுதான்.

இப்ப வருது பாலம். ஊரை ரெண்டாப் பிளந்து நடுவுல ஒரு கடல் வாய்க்கால். அது மேல மிதவைகளை வரிசையா நிறுத்தி, அதுமேல பலகைப் பாலம். கப்பல் வந்தா மணி அடிப்பான், ரெண்டு பக்கமும் கதவைச் சாத்துவான், பாலம் ஒரு முனையைக் கரையிலயே வச்சுக்கிட்டு, மறு முனையால அப்படியே நடந்து போய் ஓரமா ஒதுங்கிக்கும். மேலே இருக்கிறவங்க மேலேயே இருக்க வேண்டியதுதான். சத்தியமாச் சொல்றேன். மகன் ஒரு நாள் சாயங்காலம் என்னை மட்டும் கூட்டிட்டு அங்கே போனான். நடுப் பாலம். மணி அடிச்சுது. ஓடி வெளியே போயிடலாம்னு நான் திரும்பினேன், கையைப் பிடிச்சுட்டான்.

"அப்பா, நீலக் கொடி போட்டிருக்கான். பெரிய கப்பல், ரொம்ப நேரம் ஆகும். இப்ப நீங்க எங்கேயும் போக முடியாது. நான் சொல்றதைக் கேளுங்க."

கேட்டேனா? யானை தும்மினதை ஆரம்பிச்சேன். பாகன் சாத்தூர்ல விழுந்ததுல நிறுத்தாம, அவன் பொண்ணு பார்த்தது, அவனுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தும்மலே நிக்காதது, அந்தப் பிள்ளை தும்மித் தும்மியே தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பலைத் தள்ளிவிட்டது… வாய்க்கு வந்ததெல்லாம். பக்கத்துல மலை மாதிரிக் கப்பல் போகுது, நான் அதைப் பார்க்கலை. வியாபாரத்துல கூட அப்படிப் பேசினதில்லை தம்பி. தொண்டை வறண்டுபோச்சு. அவன் கம்பியில தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தான். பாலம் திரும்பி வந்து கரையில முட்டினப்பதான் நிறுத்தினேன். அவன் கண்ணுல தண்ணி. "நல்ல கதைப்பா"ன்னான். அதுக்கப்புறம் அவன் தொண்டையைச் செருமவே இல்லை.

அதைத்தான் சொல்றேன், கடைசி வரைக்கும் அவன் என்கிட்ட சொல்லவே இல்லை. என்ன மகன்?

ராசகனி என்கூட ஊருக்குத் திரும்பி வரலை. எனக்கு முழங்கால் வலி, இருந்துட்டு வர்றேன்னா. எந்த முழங்காலும் வலிக்கலை அவளுக்கு. பேறுகாலத்துக்கு இருக்கா. சுக்கும் மிளகும் கருப்பட்டியும் ஊர்ல இருந்தே பெட்டியில வச்சுக் கொண்டு போயிருக்கா தம்பி! ஊர்ல இருந்தே! அப்ப அவளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. நான் மட்டும்தான் சுத்திப் பார்க்கப் போயிருக்கேன்.

இன்னும் கொஞ்ச தூரம்தான் கோவில்பட்டி. ஆதிலிங்கம்கிட்ட என்ன சொல்ல? யோசிச்சுப் பார்த்தேன். பையன் சாமியாராப் போயிட்டான்னு சொல்லலாம். பகவதி அழும், காத்திருக்கேன்னு சொன்னாலும் சொல்லும், அப்படிப்பட்ட பிள்ளை. ஜாதகம் பொருந்தலைன்னா, அவர் வேற ஜோசியரைக் கூட்டி வருவார். கப்பல் வேலையில கால் ஒடிஞ்சுதுன்னா, ஒடிஞ்ச காலோடயே கட்டி வைக்கிறேன்பார். ஒரு பொய்யும் உக்கார மாட்டேங்குது தம்பி. எனக்கே பொய் வரலைன்னா பாருங்க.

உள்ளதைச் சொல்லவா? சொல்றேன். "அண்ணாச்சி, என் மகனுக்குக் கல்யாணம் ஆயிட்டுது. மருமக பேரு மிரெல்வா. பிள்ளை உண்டாகியிருக்கா. உங்க மகளுக்கு நான் பண்ணினது தப்பு, தூத்துக்குடிக்காரங்க கால்ல நானே போய் விழுறேன்." எப்படி இருக்கு? ஆதிலிங்கம் என்ன செய்வார் தெரியுமா? தொடையைத் தட்டிச் சிரிப்பார். "அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாருடி, காப்பி கொண்டா"ம்பார். காப்பியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முகூர்த்தம் குறிச்சிருப்பார்.

போட்டோவா? நல்லாக் கேட்டீங்க. இருக்கு, போன் நிறைய இருக்கு. இந்தாங்க, தள்ளிப் பாருங்க. கலர் வீடு, நான், ராசகனி, மகன். கோட்டை, நாங்க மூணு பேர். பீரங்கிக் குண்டு, நாங்க மூணு பேர். கடற்கரை, மூணு பேர். அவ எங்கேயா? அவதான் எடுத்தா. "கைடு எடுக்கட்டும்"னு ஒவ்வொரு இடத்துலயும் நான்தான் போனை அவ கையில கொடுத்தேன். அவ்வளவு படத்துல ஒண்ணுல கூட அவ இல்லை. இதோ, இதுல மட்டும் எங்க கால்கிட்ட ஒரு நிழல் விழுந்திருக்கு பாருங்க. தலையில முண்டாசு. அது அவதான். நிழலைக் காட்டி ஆதிலிங்கத்தை நம்ப வைக்க முடியுமா?

மகன்கிட்டதான் கேட்கணும். இப்ப அங்கே விடிஞ்சிருக்கும். நீங்களே போட்டுக் கொடுங்க தம்பி. சந்தனம்னு இருக்கும் பாருங்க… மணி அடிக்குதா? கொடுங்க.

ஏலே, நான்தான்… இல்லை, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பஸ்ல இருக்கேன். ஆதிலிங்கம் வீட்டுக்குப் போறேன்… இருடா, கதை இல்லை. ஒரு போட்டோ வேணும்… கோட்டையும் வேண்டாம், வீடும் வேண்டாம். மருமக போட்டோ. மருமக போட்டோ ஒண்ணு அனுப்பு.

தம்பி, சத்தமே இல்லையே. வச்சுட்டானா? …இல்லை, இருக்கான். மூச்சு கேட்குது. தொண்டையைச் செருமுறான்.

சொல்லுடா. சொல்லு. நான் வாயைத் திறக்கலை.